கொதிக்கவைத்த சாற்றிலும் ஐ.ஏ.ஏ. குறைகிறதே! பச்சைப்பயறில் ஆக்சின் சிதைவை அளப்பதில் சிக்கல்

தண்டுத்துண்டு:

அனைவருக்கும் வணக்கம். எட்டு நாள் பச்சைப்பயறு நாற்றின் ஹைப்போகாட்டிலில் (விதையிலைக்குக் கீழுள்ள தண்டு) ஐ.ஏ.ஏ. ஆக்சிடேஸ் அளக்கிறேன், அதாவது ஐ.ஏ.ஏ. (இண்டோல் அசெட்டிக் அமிலம்) என்ற இயற்கை ஆக்சின் ஊக்கியை உடைக்கும் நொதியை. கன்ட்ரோல் குழாயிலும் ரீடிங் இறங்குகிறது. முறையை அப்படியே எழுதுகிறேன், எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

1 கிராம் திசு, 5 மி.லி. குளிர்ந்த பாஸ்பேட் பஃபர் (0.1 மோலார், பி.எச். 6.0), ஐஸ் மேல் வைத்து அரைப்பு. 10,000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றி, தெளிந்த சாற்றை எடுத்துக்கொண்டேன். வினைக்கலவை மொத்தம் 10 மி.லி. அதில் ஐ.ஏ.ஏ. 0.2 மில்லிமோலார், 2,4-டைகுளோரோஃபீனால் 0.1 மில்லிமோலார், மாங்கனீசு குளோரைடு 0.1 மில்லிமோலார், சாறு 1 மி.லி., மீதி பஃபர். குழாய்கள் மேசை மேல் ஸ்டாண்டில், அறை வெப்பநிலையில். குறித்த நேரத்தில் 1 மி.லி. எடுத்து 2 மி.லி. சால்கோவ்ஸ்கி கரைசல் (ஐ.ஏ.ஏ.வோடு சேர்ந்து இளஞ்சிவப்பு தருவது) விட்டு, 30 நிமிடம் கழித்து 530 நானோமீட்டரில் ரீடிங்.

தொடக்கத்தில் 0.64. ஒரு மணி நேரம் கழித்து உயிர்ச்சாறு விட்ட குழாய் 0.41, மூன்று நிமிடம் கொதிக்கவைத்த சாறு விட்ட குழாய் 0.47. அதாவது செத்த நொதியே கால் பங்குக்கு மேல் ஐ.ஏ.ஏ.வைத் தின்றுவிட்டது. உயிர்ச்சாற்றில் முதல் 15 நிமிடம் ரீடிங் அசையவே இல்லை, அது ஏன் என்பதும் பிடிபடவில்லை.

இதை அளக்கக் காரணம்: இதே நாற்றின் தண்டுத்துண்டுகளை 100 மைக்ரோமோலார் கரைசலில் 24 மணி நேரம் நிறுத்தினால் என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சினில் வேர் கொத்தாக வருகிறது, ஐ.ஏ.ஏ.வில் நாலைந்தோடு நின்றுவிடுகிறது. ஐ.ஏ.ஏ. சிதைந்துபோவதுதான் காரணம் என்று இந்த அளவை வைத்துச் சொல்லலாமா?

—

கியூவெட்:

கன்ட்ரோலில் குறைந்ததற்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மூன்று நிமிடக் கொதி போதாது. இந்தச் சோதனையில் ஐ.ஏ.ஏ.வை உடைப்பது பெராக்சிடேஸ். தாவர நொதிகளில் சூட்டுக்கு எளிதில் மசியாத ஒன்று அது. காய்கறியைப் பதப்படுத்துபவர்கள் வெந்நீரில் முக்கி எடுத்தது போதுமா என்று பார்க்க இந்த நொதியைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். இது செத்தால் மற்றதெல்லாம் செத்தது என்று கணக்கு. அதோடு, அரைகுறையாகச் சூடான பெராக்சிடேஸ் ஆறிய பிறகு தன் வடிவத்தை ஓரளவு மீட்டுக்கொண்டு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். காலையில் கொதிக்கவைத்த சாற்றை மாலையில் கன்ட்ரோலாக வைத்தால் அது கன்ட்ரோலே இல்லை. சாற்றை 1 மி.லி. அளவில் சிறு குழாய்களில் பிரித்து, மூடி, கொதிக்கும் நீரில் 15 நிமிடம் வையுங்கள். ஐஸில் ஆற்றி, சுற்றி, திரிந்த புரதத்தைத் தள்ளிவிட்டு உடனே பயன்படுத்துங்கள். 5 மி.லி.யை ஒரே குழாயில் வைத்தால் நடுவில் சூடு ஏறவே சில நிமிடம் ஆகும்.

இரண்டாவது, வெளிச்சம். ஐ.ஏ.ஏ. ஒளியில் தானாகவே உடையும். சாற்றில் ரைபோஃப்ளேவின் போன்ற நிறமிகள் கொஞ்சம் இருந்தாலும் அவை ஒளியை வாங்கி அந்த உடைப்பை விரைவாக்கும். டியூப்லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் என்றால் நொதி வேண்டியதே இல்லை. குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி, 30 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே வையுங்கள். ஆட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு, இந்த வினைக்கு ஆக்சிஜன் வேண்டும். அசையாத உயரக் குழாயில் அடிப்பகுதிக்குக் காற்று போதாமல் வேகம் குறைந்துவிடும்.

இனி கன்ட்ரோல் ஒன்று போதாது, நான்கு வேண்டும். சால்கோவ்ஸ்கி கரைசலை முதலிலேயே விட்டு அதன்மேல் உயிர்ச்சாறு கலந்த கலவையைச் சேர்த்த சுழிநேரக் குழாய். சாறு இல்லாமல் மற்ற எல்லாம் உள்ள குழாய். மாங்கனீசும் ஃபீனாலும் தாமாக எவ்வளவு கெடுக்கின்றன என்று இது காட்டும். கொதிக்கவைத்த சாறு விட்டது. கடைசியாக ஐ.ஏ.ஏ. இல்லாமல் சாறு மட்டும் உள்ளது, ஏனென்றால் சாற்றிலுள்ள ஃபீனால்கள் ஃபெரிக் அயனியோடு சேர்ந்து பழுப்பு காட்டும். ரீடிங்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

இன்னொன்றும் உங்கள் எண்களில் ஒளிந்திருக்கிறது. உயிர்ச்சாறு விட்ட கியூவெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்புக்குப் பின்னால் மெல்லிய வெண்புகை தெரிகிறதா? பெர்குளோரிக் அமிலம் பட்டதும் புரதம் திரிகிறது. அந்தக் கலங்கல் ஒளியைச் சிதறடித்து ரீடிங்கை ஏற்றிவிடும். கொதிக்கவைத்த சாற்றில் புரதம் முன்பே போய்விட்டதால் அங்கே கலங்கல் குறைவு. ஆகவே 0.41 என்பது உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. நிறம் வந்த பிறகு 10,000 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி மேல்தெளிவை மட்டும் படியுங்கள். 700 நானோமீட்டரில் ஒரு ரீடிங் எடுத்தால் கலங்கல் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த எண்ணை அப்படியே கழித்துவிடாதீர்கள், 530-இல் சிதறல் இன்னும் அதிகம்.

சால்கோவ்ஸ்கி கரைசலையும் ஒருமுறை சரிபாருங்கள். 0.5 மோலார் ஃபெரிக் குளோரைடு 1 மி.லி., 35 சதவீதப் பெர்குளோரிக் அமிலம் 50 மி.லி. ஃபெரிக் குளோரைடு நீரற்றது என்றால் 100 மி.லி.க்கு 8.1 கிராம், மஞ்சள் கட்டியாக வரும் ஆறுநீர் உப்பு என்றால் 13.5 கிராம். லேபிளைப் பார்க்காமல் 8.1 கிராம் கட்டியைப் போட்டால் 0.3 மோலார்தான் கிடைக்கும். அமிலத்தைத் தண்ணீரில்தான் விட வேண்டும், ஃப்யூம் ஹூட்டுக்குள். சிந்தியதைத் துணியாலோ டிஷ்யூ தாளாலோ துடைத்து அப்படியே குப்பையில் போடாதீர்கள், உலர்ந்தால் தீப்பிடிக்கும். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மர அலமாரியில் பாட்டிலை வைக்கவே வேண்டாம்.

—

பயறுக்கொடி:

கொதிக்கவைப்பதற்குப் பதிலாகப் பொட்டாசியம் சயனைடோ சோடியம் அசைடோ சேர்த்து நொதியை நிறுத்தலாமே? பெராக்சிடேஸ் ஹீம் நொதிதானே, 1 மில்லிமோலார் போதும்.

—

கியூவெட்:

வேண்டவே வேண்டாம். நொதி நிற்கும், ஆனால் அடுத்த படியில் அதே கலவையில் 35 சதவீத அமிலத்தை விடப்போகிறீர்கள். சயனைடிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயுவும் அசைடிலிருந்து ஹைட்ரசோயிக் அமில ஆவியும் முகத்துக்கு நேரே வரும். இரண்டும் கொல்லும் விஷம். சால்கோவ்ஸ்கி முறையில் இந்த இரண்டு தடுப்பான்களுக்கும் இடமே கிடையாது. நீண்ட கொதிதான் வழி.

—

மஞ்சள்சாறு:

முதல் 15 நிமிடம் ஏன் அசையவில்லை என்பதற்கு வருகிறேன்.

அது சாற்றிலுள்ள ஃபீனால்களின் வேலை. ஒற்றை ஹைட்ராக்சில் உள்ள ஃபீனால்கள் பெராக்சிடேஸைத் தூண்டும். நீங்கள் சேர்க்கும் 2,4-டைகுளோரோஃபீனால் அந்த வகை, பாரா-கூமாரிக் அமிலமும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் உள்ளவை, அதாவது கஃபேயிக் அமிலம், குளோரோஜெனிக் அமிலம், குவெர்செட்டின், இவை எதிர்வேலை செய்யும். ஐ.ஏ.ஏ.விலிருந்து எலக்ட்ரான் பறிபோவதற்கு முன்னால் தங்களுடையதைக் கொடுத்துவிடும். அவை ஆக்சிஜனேற்றம் ஆகித் தீரும்வரை ஐ.ஏ.ஏ. பாதுகாப்பாக இருக்கும், தீர்ந்ததும் ரீடிங் மளமளவென்று இறங்கும். அந்த 15 நிமிடம் நொதியின் குணம் அன்று, சாற்றில் எவ்வளவு டைஃபீனால் இருக்கிறது என்பதன் அளவு. இதைக் கவனிக்காமல் 30 நிமிடத்தில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து இரண்டு ரகங்களை ஒப்பிடுபவர்கள் பலர். ஃபீனால் அதிகமுள்ள ரகத்தில் நொதி குறைவு என்று முடிவு வந்துவிடும். நொதி இரண்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

இதற்கு இரண்டு வழி. அரைக்கும்போதே 1 கிராம் திசுவுக்கு 100 மில்லிகிராம் கரையாத பி.வி.பி.பி. தூளைச் சேருங்கள், ஃபீனாலைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது வண்டலோடு அடியில் போய்விடும். முந்தின நாளே பஃபரில் ஊறவைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் செஃபடெக்ஸ் ஜி-25 நிரப்பிய பி.டி.-10 குழலில் 2.5 மி.லி. சாற்றை ஏற்றி, பஃபர் 3.5 மி.லி. விட்டு வடித்தெடுங்கள். புரதம் அந்த 3.5-இல் வந்துவிடும், சிறு மூலக்கூறுகள் குழலிலேயே பின்தங்கும். சாறு 1.4 மடங்கு நீர்த்திருக்கும், கணக்கில் மறந்துவிடாதீர்கள். குழல் இல்லையென்றால் 4 டிகிரியில் இரவு முழுக்க டயாலிசிஸ், பஃபரை இருமுறை மாற்றி.

ஒரு எச்சரிக்கை. சாறு பழுப்பாகாமல் இருக்க அரைக்கும் பஃபரில் அஸ்கார்பிக் அமிலமோ மெர்காப்டோஎத்தனாலோ சேர்க்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். ஒருபக்கம் ஐ.ஏ.ஏ. உடைவதைத் தடுக்கும், இன்னொரு பக்கம் சால்கோவ்ஸ்கியிலுள்ள ஃபெரிக்கை ஃபெரஸ் ஆக்கி நிறத்தையே வரவிடாது. ரீடிங் குறைந்திருப்பதைப் பார்த்து ஐ.ஏ.ஏ. சிதைந்துவிட்டது என்று நினைப்போம், உண்மையில் நிறம்தான் சிதைந்திருக்கும்.

—

வேர்முனை:

முறை பற்றி மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தண்டுத்துண்டு கேட்ட கடைசிக் கேள்விக்கு இந்தச் சோதனை பதில் சொல்லாது. அதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

செடிக்குள் ஐ.ஏ.ஏ.வை அழிக்கும் முக்கியப் பாதை பெராக்சிடேஸ் வழியாகப் போவதில்லை. பெராக்சிடேஸ் உடைத்தால் கார்பாக்சில் கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்து இண்டோல் ஆல்டிஹைடு, மெத்திலீன் ஆக்சிண்டோல் போன்றவை வரும். செடியில் நிறைய சேர்வதோ கார்பாக்சில் பறிபோகாத ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ.வும் (ஆக்சிஜன் ஏறிய ஐ.ஏ.ஏ.) ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் ஆகியவற்றோடு பிணைந்த ஐ.ஏ.ஏ.வும். ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ. பாதையின் நொதி டி.ஏ.ஓ. எனப்படும் டையாக்சிஜனேஸ். 2013-இல் நெல்லில்தான் முதலில் பிடித்தார்கள். அந்த ஜீன் கெட்ட நெல்லில் மகரந்தப்பை வெடிக்காது, மணி பிடிக்காது. பிணைக்கும் வேலையை ஜி.எச்.3 குடும்ப நொதிகள் செய்கின்றன. இந்த ஜீன் 1984-இல் சோயாபீன் ஹைப்போகாட்டிலில் கிடைத்தது. ஆக்சின் பட்ட சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்ளும். ஐ.ஏ.ஏ. கரைசலில் தண்டை நிறுத்துவதே, அந்த ஐ.ஏ.ஏ.வைக் கட்டிப்போடும் நொதியைச் செய்துகொள் என்று செடிக்குக் கொடுக்கும் கட்டளைதான்.

2021-இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் இதன் வரிசையும் தெளிவானது. ஜி.எச்.3 முதலில் பிணைக்கிறது, பிணைந்த வடிவத்தை டி.ஏ.ஓ. ஆக்சிஜனேற்றம் செய்கிறது, பிறகு ஐ.எல்.ஆர்.1 வகை நொதி அமினோ அமிலத்தை வெட்டி விடுகிறது, ஆக்ஸ்-ஐ.ஏ.ஏ. மிஞ்சுகிறது. ஆக்சிஜனேற்றத்துக்கு முன்பே ஐ.எல்.ஆர்.1 வெட்டினால் ஐ.ஏ.ஏ. திரும்பி வந்துவிடும்.

இப்போது உங்கள் குழாயைப் பாருங்கள். ஜி.எச்.3-க்கு ஏ.டி.பி.யும் அமினோ அமிலமும் மெக்னீசியமும் வேண்டும். டி.ஏ.ஓ.வுக்கு 2-ஆக்சோகுளூட்டரேட், ஃபெரஸ் இரும்பு, அஸ்கார்பேட் வேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது மாங்கனீசும் டைகுளோரோஃபீனாலும், அதாவது பெராக்சிடேஸுக்குப் பிடித்த விருந்து. மற்ற இரண்டும் சாற்றில் இருந்தாலும் பட்டினிதான். அஸ்கார்பேட் சேர்த்துப் பார்க்கலாம் என்றால் மஞ்சள்சாறு சொன்னதுபோல் நிறம் வராது, எச்.பி.எல்.சி. அல்லது எல்.சி.-எம்.எஸ். (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவிகள்) இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது. ஆகவே அறிக்கையில் “பச்சைப்பயறில் ஐ.ஏ.ஏ. சிதைவு வேகம்” என்று தலைப்புப் போடாதீர்கள். “பெராக்சிடேஸ் வழி ஐ.ஏ.ஏ. ஆக்சிஜனேற்றத் திறன்” என்று போடுங்கள், அது உண்மை.

வேர் விஷயத்துக்கு நேரடியான சோதனை ஒன்று இருக்கிறது, உங்களிடம் உள்ள பொருளே போதும். 100 மைக்ரோமோலார் ஐ.ஏ.ஏ. என்பது மி.லி.க்கு 17.5 மைக்ரோகிராம், சால்கோவ்ஸ்கி வசதியாகப் படிக்கும் அளவு. நான்கு தொகுதி குப்பிகள் வையுங்கள்: தண்டு உள்ளது, இல்லாதது, இரண்டும் இருட்டில் ஒரு தொகுதி, வெளிச்சத்தில் ஒரு தொகுதி. ஒவ்வொரு குப்பியையும் தண்டு வைப்பதற்கு முன்பும், 24 மணி நேரம் கழித்துத் தண்டை எடுத்த பின்பும் எடை போடுங்கள். இலை நீராவி விடும்போது கரைசலை உறிஞ்சும், எடைக் குறைவு அதைக் காட்டும். தண்டில்லாத குப்பியின் குறைவு வெறும் ஆவியாதல், அதைக் கழித்துவிடுங்கள். மீந்த கரைசலின் செறிவைக் கன அளவால் பெருக்கி மொத்த மைக்ரோகிராமைப் பாருங்கள். செறிவை மட்டும் பார்த்தால் தண்ணீர் போய் ஐ.ஏ.ஏ. மிஞ்சிய குப்பியில் ஒன்றுமே சிதையவில்லை என்று தோன்றும். வெளிச்சக் குப்பியில் தண்டே இல்லாமல் ஐ.ஏ.ஏ. பாதியாகியிருந்தால் நொதியைத் தேடி அலைய வேண்டாம், கறுப்புத் தாள் சுற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

என்.ஏ.ஏ.வை பெராக்சிடேஸ் ஐ.ஏ.ஏ.வைப் போல உடைக்காது, அதில் இண்டோல் வளையம் இல்லை. ஆனால் ஜி.எச்.3 அதையும் பிணைக்கும், முழுக்கத் தப்பிவிடாது. ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) என்ற ஆக்சினின் கதை வேறு. பெராக்சிசோமுக்குள் பக்கச் சங்கிலி இரண்டு கார்பன் குறைந்து மெல்ல மெல்ல ஐ.ஏ.ஏ.வாக மாறுகிறது, சேமிப்பிலிருந்து செலவு செய்வதுபோல. நாற்றங்கால்களில் ஐ.பி.ஏ. நிலைத்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் ஒப்பீட்டில் அதையும் சேருங்கள்: 100 மைக்ரோமோலாருக்கு லிட்டருக்கு 20.3 மில்லிகிராம். என்.ஏ.ஏ. 18.6, ஐ.ஏ.ஏ. 17.5.

பச்சைப்பயறு தண்டு ஊக்கியிலிருந்து எடுத்த பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் நிற்கிறதா? அப்படியென்றால் போரானும் பார்க்க வேண்டும். போரான் இல்லாவிட்டால் வேர்முளை தோன்றினாலும் தோலைப் பிளந்து வெளியே வராது. எல்லாக் குப்பிகளிலும் ஒரே அளவு போரிக் அமிலம் இருக்கட்டும்.

—

கியூவெட்:

வேர்முனை சொல்வதில் ஒரு சிறு மாறுபாடு. அறுத்த தண்டின் அடியில் காயம் பட்ட இடத்தில் பெராக்சிடேஸ் ஏராளமாக வெளியே கசியும். கரைசலில் இருக்கும் ஐ.ஏ.ஏ. உள்ளே போவதற்கு முன்பே அங்கே உடைபடலாம். செடிக்குள் அது முக்கியப் பாதை இல்லை என்பதால் குப்பிக்குள்ளும் இல்லை என்று ஆகாது. தண்டுகளை அறுத்ததும் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவியது, கழுவாதது என்று இன்னொரு ஜோடியைச் சேர்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

—

வேர்முனை:

ஏற்கிறேன். இருட்டுக் குப்பிகளில் அந்த ஜோடியைச் சேர்க்கலாம்.

—

தண்டுத்துண்டு:

மிக்க நன்றி. சோதனைக்குழாய் பகுதியைத் திருத்திச் செய்துவிட்டேன். இருட்டு, 30 டிகிரி, 15 நிமிடக் கொதி, பி.வி.பி.பி., நிறம் வந்த பின் சுற்றல். சுழிநேரம் 0.64, சாறில்லாதது 60 நிமிடத்தில் 0.63, கொதித்தது 0.61. உயிர்ச்சாறு 15 நிமிடத்தில் 0.60, 30-இல் 0.42, 60-இல் 0.22. சாற்றின் புரதம் மி.லி.க்கு 1.2 மில்லிகிராம். தொடக்கத்தில் ரீடிங் அசையாத தேக்கம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. எந்த இடைவெளியை வைத்து வேகம் கணக்கிடுவது?

—

மஞ்சள்சாறு:

15 முதல் 30 நிமிடம் வரை. அதற்கு முன் தேக்கம் கலந்திருக்கிறது. 60-ஆம் நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஐ.ஏ.ஏ. போய்விட்டதால் நொதிக்கு இரை குறைந்து வேகம் தானாகத் தளர்ந்திருக்கும், அந்த எண்ணைத் தொட வேண்டாம்.

0.64 என்பது 35 மைக்ரோகிராம். 0.60-இலிருந்து 0.42, வித்தியாசம் 0.18, அதாவது மி.லி.க்கு 9.8 மைக்ரோகிராம். 10 மி.லி. கலவைக்கு 98. இது கால் மணி நேரத்தில் நடந்தது, ஒரு மணிக்கு 394. சாறு 1 மி.லி., அதில் புரதம் 1.2 மில்லிகிராம், ஆகவே ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 328 மைக்ரோகிராம். இடையிடையே 1 மி.லி. எடுத்ததால் கன அளவு குறைந்ததே என்று குழம்ப வேண்டாம், கலவையோடு நொதியும் சேர்ந்தே குறைந்திருக்கிறது.

அடுத்த முறை சாற்றைப் பாதியாக்கி 0.5 மி.லி. விட்டு 5 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுங்கள். சாய்வு சரிபாதியாக வந்தால் உங்கள் கோடு நேர்க்கோடு. வரவில்லை என்றால் ஃபீனால் இன்னும் பாக்கி இருக்கிறது, ஜி-25-க்குப் போக வேண்டியதுதான்.

—

திசுக்குடுவை:

குறுக்கே ஒரு கேள்வி. வாழைத் திசு வளர்ப்பில் பி.ஏ.பி. (செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஊக்கி) போடுகிறோம். சைட்டோகைனினுக்கும் இப்படி உடைக்கும் நொதி இருக்கிறதென்றால் பி.ஏ.பி. வாரக்கணக்கில் எப்படி நிற்கிறது? அதோடு கன்று வேர்விடும் கட்டத்தில் அடித்தண்டு பருத்து வேர் தயங்குவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

—

வேர்முனை:

உண்டு. சைட்டோகைனின் ஆக்சிடேஸ், சி.கே.எக்ஸ்., அடினினிலிருந்து பக்கச் சங்கிலியை வெட்டும். அந்தச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு சரியான இடத்தில் இருந்தால்தான் பிடிக்கும். சியாட்டினும் ஐசோபென்டினைல் அடினினும் அப்படிப்பட்டவை, சீக்கிரம் போய்விடும். டைஹைட்ரோசியாட்டினில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை, பி.ஏ.பி.யில் சங்கிலிக்குப் பதில் பென்சைல் வளையம், இரண்டையும் நொதி கிட்டத்தட்டத் தொடாது. தைடயசூரான் என்ற செயற்கை ஊக்கி ஒருபடி மேலே போய் அந்த நொதியையே தடுக்கும்; மிகக் குறைந்த அளவிலேயே அது வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நொதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நெல்லையே பார்க்கலாம். 2005-இல் ஹபட்டாகி என்ற நெல்லில் கதிருக்கு மணி அதிகம் வருவதன் காரணத்தைத் தேடியபோது கிடைத்த ஜீன் சி.கே.எக்ஸ்.2. அது மந்தமானதால் பூக்கொத்தில் சைட்டோகைனின் தங்கி, மணி கூடியிருக்கிறது.

பி.ஏ.பி. வெட்டுப்படாததால் செடி அதைக் குளுக்கோஸோடு ஒன்பதாம் நைட்ரஜனில் பிணைத்து அடித்தண்டில் குவிக்கும். அந்தப் பிணைப்பு எளிதில் விடுபடாது. குவியல் இருக்கும் இடத்தில்தான் வேர் வர வேண்டும், தயக்கம் அதனால். பெருக்கக் கட்டத்தின் கடைசி முறையில் பி.ஏ.பி.யைக் குறையுங்கள், அல்லது வேர்விடும் ஊடகத்துக்கு முன்னால் ஊக்கி இல்லாத ஊடகத்தில் ஒரு முறை மாற்றுங்கள். மெட்டா-டோபோலின் என்ற சைட்டோகைனினுக்கு மாற வசதி இருந்தால் அது இன்னும் நல்லது. அதில் ஒரு ஹைட்ராக்சில் இருப்பதால் குளுக்கோஸ் ஆக்சிஜனில் ஒட்டும், தேவைப்படும்போது கழன்றுவிடும், அடியில் அப்படிக் குவியாது.

ஆக்சினுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை உங்கள் ஊடகத்துக்கும் பொருந்தும். வேர் ஊடகத்தில் ஐ.ஏ.ஏ. போடுவதாக இருந்தால் ஆட்டோகிளேவுக்குப் பிறகு, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் சேருங்கள். இரும்பும் நைட்ரேட்டும் உள்ள எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகத்தில், ரேக் விளக்குக்கு அடியில், அது வேகமாகக் குறையும். ஊற்றிவைத்த பாட்டில்களை இருட்டில் வைத்து அந்த வாரமே பயன்படுத்திவிடுங்கள்.